ஆச்சிக்கு எதற்குப் பத்தாயிரம் அடி?

கேள்வி: எங்கள் ஆத்தாவுக்கு 66 வயது. நெடுநாளாகச் சர்க்கரை, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், பாதம் மரத்துக் கிடக்கிறது. டாக்டர் "நடங்க ஆச்சி" என்றதோடு சரி. யாரோ பத்தாயிரம் அடி என்று சொல்ல, விடியற்காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு கோயிலைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். முழங்கால் வீங்கி, ஒருநாள் மயக்கமும் வந்துவிட்டது. நிறுத்தச் சொல்லலாமா?
- ஒரு மகள், காரைக்குடி

பதில்: நிறுத்த வேண்டாம், அந்தப் பத்தாயிரத்தை மட்டும் மறக்கச் சொல்லுங்கள். 1960களில் ஜப்பானில் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய கணக்கு அது, ஆச்சியின் முழங்காலைப் பார்த்து யாரும் போட்டதில்லை.

கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நடந்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கும், மயக்கம் அதனால் இருக்கலாம். டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள். நடையைப் பலகாரத்துக்கு அப்புறம் வையுங்கள், இட்லியின் சர்க்கரை ஏறும் நேரமும் அதுதான். கிளம்புமுன் விரலில் குத்திப் பார்த்து 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். 70க்குக் கீழே என்றால் நடையே கிடையாது, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்துக் கால்மணி கழித்து மறுபடி பாருங்கள்.

கோயிலைச் சுற்றுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பிரகாரத்துக் கல் சுடுவது மரத்த பாதத்துக்கு உறைக்காது, கொப்புளம் உடைந்து ஈரம் கண்ட பிறகுதான் தெரியவரும். சாமி கும்பிட ஒரு சுற்று போதும், அதுவும் வெயில் ஏறுமுன். மற்ற நடையெல்லாம் வீட்டிலேயே. செட்டிநாட்டு வீட்டில் இடத்துக்கா பஞ்சம்? வளவைச் (நடு முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தை) சுற்றினால் நிழல், களைத்தால் பிடித்துக்கொள்ளத் தூண். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் துடைத்த ஈரத்தில் வழுக்கும், அதனால் காய்ந்த பிறகு, பின்வார் வைத்த செருப்போடு (வீட்டுக்குள் செருப்பா என்று ஆச்சி முகம் சுளிப்பார்கள், விடாதீர்கள்). ராத்திரி விரலிடுக்கெல்லாம் பார்த்துவிடுங்கள்.

சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிஷமாக நடக்கலாம். பேச்சு வர வேண்டும், பாட்டு வரக் கூடாது, அந்த வேகம். வாரம் 150 நிமிஷம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது நாள்பட்ட நோய்க்காரர்களுக்கும் சேர்த்துத்தான், ஆனால் முடிந்த மட்டும் செய்தாலும் பலன் உண்டு என்றும் அதுவே சொல்கிறது. முழங்காலுக்குத் தொடை பலமும் வேண்டும். கைவைத்த உயரமான நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கட்டும், எட்டுத் தடவை, வாரம் இரண்டு மூன்று நாள். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் பாதியாகக் குறைத்துவிடுங்கள். இதையெல்லாம் முழங்கால் வீக்கம் வடிந்த பிறகு ஆரம்பித்தால் போதும்.

அதற்குள் விழித்திரையையும் இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சை அடைத்து வியர்த்தால் வாய்வு என்று சோடா கொடுத்து உட்கார வைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.