துப்பாக்கி இல்லாத காவல்

கேள்வி: வெளிநாட்டுச் சண்டையை நிறுத்தப் படை அனுப்ப வேண்டாம் என்கிறார்கள். ஆயுதமில்லாமல் போய் நிற்பவர்களால் என்ன செய்துவிட முடியும்?

பதில்: போகன்வில் தீவில் செய்திருக்கிறார்கள். பப்புவா நியூ கினியின் அந்தத் தீவில், பங்குனா செம்புச் சுரங்கத் தகராறு 1988 இறுதியில் அரசுக்கு எதிரான ஆயுதப் போராட்டமாக வெடித்தது. 1997-ல் அரசு கூலிப்படையை வரவழைத்தது. சொந்த ராணுவத் தளபதியே எதிர்த்ததால் அந்தத் திட்டம் கவிழ்ந்தது.

அதே ஆண்டு நியூசிலாந்து, தன் பர்ன்ஹாம் ராணுவ முகாமைப் பேச்சுவார்த்தைக்கு ஒதுக்கியது. முதல் சுற்றில் தீவுக்காரர்கள் மட்டும் தங்களுக்குள் பேசினார்கள். அரசுத் தரப்பு அடுத்த சுற்றில்தான் வந்தது. இந்த வரிசையைப் பலர் கவனிப்பதில்லை. உள்ளுக்குள் பிளந்து கிடக்கும் தரப்போடு அரசு கையெழுத்துப் போட்டால், போடாத பிரிவு மறுநாளே சுடும்.

பிறகு நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, ஃபிஜி, வனுவாட்டு நாடுகளின் கண்காணிப்பாளர்கள் மஞ்சள் சட்டையோடு, வெறுங்கையோடு இறங்கினார்கள். ஊர் ஊராகப் போய் சண்டை நிறுத்த உடன்பாட்டில் உள்ளதை விளக்குவது, வதந்தி கிளம்பினால் நேரில் விசாரிப்பது, இவ்வளவுதான் வேலை. கையில் ஆயுதம் இல்லாததால் அவர்களைக் காப்பது ஊர்க்காரர்களின் பொறுப்பாகிவிட்டது.

அரசும் தீவுக்காரர்களும் செய்துகொண்ட 2001 அமைதி உடன்பாட்டின் ஆயுத ஒப்படைப்பு ஏற்பாடு இன்னும் நேர்த்தி. துப்பாக்கிகளை முதலில் உள்ளூர்த் தளபதிகளின் பொறுப்பில் பெட்டிகளில் வைப்பது. அடுத்து இரண்டு பூட்டுப் போட்ட பெட்டிகளுக்கு மாற்றுவது. ஒரு சாவி தளபதியிடம், மற்றது ஐ.நா.விடம். இந்த இரண்டாம் கட்டம் முடிந்ததாக ஐ.நா. சான்று தந்த பிறகே தீவின் தன்னாட்சிக்கான சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வரும். ஆயுதத்தைக் கீழே வைத்தால்தான் அதிகாரம்! பிசகும் நடந்தது: சில பெட்டிகளை உடைத்துத் துப்பாக்கிகளை எடுத்தார்கள், போராளித் தலைவர் பிரான்சிஸ் ஓனாவின் பிரிவு கடைசிவரை சேரவில்லை. ஆனாலும் 2019-ல் தீவின் விடுதலை குறித்த பொதுவாக்கெடுப்பு அமைதியாக நடந்தது.

கேள்வி: அப்படியானால் கொசோவோவில் ஏன் பலிக்கவில்லை?

பதில்: அங்கும் 1998 இறுதியில் ஆயுதமற்ற கண்காணிப்பாளர்கள் போனார்கள். ஆனால் அந்த உடன்பாடு நேட்டோவின் குண்டுவீச்சு மிரட்டலின் கீழ் யூகோஸ்லாவிய அதிபர் மிலோசெவிச்சிடம் வாங்கியது. எதிரே நின்ற, தனிநாடு கேட்டுப் போராடிய கொசோவோ விடுதலைப் படை அதில் கையெழுத்திடவே இல்லை. கண்காணிக்க வேண்டிய இரு தரப்பில் ஒன்று வெளியே நின்றால், மஞ்சள் சட்டை என்ன, எந்தச் சட்டையும் உதவாது. 1999 மார்ச் 20-ல் அவர்களை விலக்கிக்கொண்டார்கள். 24-ல் நேட்டோ குண்டுவீச்சு தொடங்கியது.

கேள்வி: இரு தலைவர்களும் முகம் கொடுத்தே பேசாவிட்டால் மத்தியஸ்தர் என்ன செய்வார்?

பதில்: ஒரே வரைவு முறை. தரப்புகள் ஆளுக்கொரு வரைவு கொண்டுவரக் கூடாது. மத்தியஸ்தரே எழுதி, இருவரிடமும் தனித்தனியே காட்டி, ‘இதில் எது ஆகாது?’ என்று மட்டும் கேட்டுத் திருத்துவார். 1978-ல் கேம்ப் டேவிடில் எகிப்து அதிபர் சதாத், இஸ்ரேல் பிரதமர் பெகின் இருவருக்கும் நடுவே அமெரிக்க அதிபர் கார்ட்டர் 13 நாள் செய்தது இதுதான். வரைவு இருபது முறைக்கு மேல் மாறியது. சம்மதமா என்று நடுவில் கேட்டுவிடக் கூடாது. அந்தக் கேள்வி கடைசி வரைவுக்கு மட்டும்.