பழைய 911-இல் இண்டிகேட்டர் தகராறு: கேள்வி பதில்

1974 முதல் 1989 வரை வந்த போர்ஷே 911-களின் மின்சார வேலைதான் எனக்குத் தெரிந்த வேலை. அதே கம்பெனியின் 924, 944 பற்றியும் ஓரளவு சொல்லலாம். கீழே எஸ்சி, கரேரா என்று வருவதெல்லாம் 911-இன் வகைகள். கேட்கிறவர்கள் மூன்று விஷயம் எழுதிவிடுங்கள்: வண்டி எந்த வருடம், ஹஸார்ட் (நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாக மின்னவைக்கும் எச்சரிக்கை சுவிட்ச்) போட்டால் நான்கும் மின்னுகிறதா, டாஷில் பச்சை அம்பு என்ன செய்கிறது. இவை இல்லாமல் கேட்டால் நானும் இவற்றைத்தான் திருப்பிக் கேட்பேன்.

1983 எஸ்சி, ஹாம்பர்க்: அண்ணா, இரண்டு பக்க இண்டிகேட்டரும் நின்றுவிட்டது. ஹஸார்ட் போட்டால் நான்கும் நன்றாக மின்னுகிறது. புது ஃபிளாஷர் ரிலே ஆர்டர் போடப்போகிறேன், எது வாங்கலாம்?

எதுவும் வாங்காதீர்கள். ஹஸார்ட் மின்னுகிறது என்றால், கரண்டை வெட்டி வெட்டி விட்டு விளக்கை மின்னவைக்கும் ரிலே நன்றாகத்தான் இருக்கிறது. நான்கு பல்பும் அவற்றின் எர்த்தும்கூடச் சரி. வண்டியே உங்களுக்கு இவ்வளவு சோதனை செய்து கொடுத்துவிட்டது.

கரண்ட் போகும் வழியைப் பாருங்கள். ஜெர்மன் வண்டிகளில் எல்லா இணைப்புக்கும் எண் உண்டு. 30 நேராக பேட்டரியிலிருந்து வருவது, 15 சாவி போட்டால் வருவது, 31 எர்த். 49 ஃபிளாஷருக்குள் போவது, 49ஏ அங்கிருந்து வெட்டி வெட்டி வெளியே வருவது. இண்டிகேட்டருக்கு 15-இலிருந்து கரண்ட் வேண்டும். ஹஸார்டுக்கு 30-இலிருந்து வேண்டும், ஏனென்றால் சாவி இல்லாமலும் அது மின்ன வேண்டும். இரண்டில் எதை 49-க்கு அனுப்புவது என்று முடிவு செய்வது ஹஸார்ட் சுவிட்ச். அதாவது ஹஸார்ட் அணைந்திருக்கும்போதும் உங்கள் இண்டிகேட்டர் கரண்ட் அந்த சுவிட்சுக்குள் நுழைந்துதான் வெளியே வருகிறது. வருடக்கணக்கில் யாரும் தொடாத சுவிட்ச். உள்ளே தொடுமுனை கறுத்துக் கிடக்கும்.

முதலில் ஃபியூஸ். முன்பக்க டிக்கியைத் திறந்தால் இடது ஓரத்தில் பெட்டி. வெள்ளை உடம்பு 8 ஆம்பியர், சிவப்பு 16, நீலம் 25. கம்பி அறுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதாது. இரண்டு கூர்முனையும் பித்தளைக் கவ்வியில் வெறுமனே அழுத்திக்கொண்டு நிற்கின்றன. அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு படலம் பிடித்தாலே கரண்ட் நின்றுவிடும். விரலால் ஃபியூஸை அப்படியே நாலு சுற்று சுற்றுங்கள்.

அதிலும் வரவில்லை என்றால் சாவியைப் போட்டு, இண்டிகேட்டர் லீவரை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, ஹஸார்ட் சுவிட்சை இருபது முப்பது தடவை போட்டுப் போட்டு அணையுங்கள். நடுவில் ஒரு தடவை இண்டிகேட்டர் மின்னினாலும் போதும், ஆள் அகப்பட்டான். இல்லாவிட்டால் டெஸ்ட் லாம்பை (கரண்ட் இருந்தால் எரியும் சோதனை விளக்கு) எடுங்கள். சாவி போட்டு, ஹஸார்ட் அணைத்த நிலையில் 49-இல் வெளிச்சம் இல்லையென்றால் கோளாறு ஃபியூஸிலோ சுவிட்சிலோதான். 49-இல் இருந்து, 49ஏ-யிலும் விட்டுவிட்டு வந்தால் லீவர் சுவிட்ச் பக்கம் போகலாம்.

1986 கரேரா, கொலோன்: இடது பக்கம் மட்டும் படபடவென்று வேகமாக மின்னுகிறது. வலது பக்கம் சரி.

இடது பக்கத்தில் ஒரு பல்பு எரியவில்லை. ரிலே இரண்டு 21 வாட் பல்பு இழுக்கும் கரண்டை எதிர்பார்க்கிறது. பல்புக்கு ஏறத்தாழ 1.75 ஆம்பியர். பாதிதான் வந்தால் வேகத்தைக் கூட்டி உங்களுக்குச் சொல்கிறது. அது கோளாறு இல்லை, எச்சரிக்கை. சட்டப்படி நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் மின்ன வேண்டும்.

பல்பு நன்றாக இருந்தும் எரியவில்லை என்றால் முன் பம்பரில் இருக்கும் விளக்கைக் கழற்றுங்கள். கண்ணாடி மூடியின் ரப்பர் காய்ந்து, தண்ணீர் அடியில் தேங்கியிருக்கும். பல்பின் அடியில் இருக்கும் ஈயக்குமிழ் குழிந்து, அதைத் தொடும் தகடு பச்சைக் களிம்பு ஏறிக் கிடக்கும். சின்னப் பித்தளை பிரஷ், கொஞ்சம் காண்டாக்ட் கிளீனர், அப்புறம் அந்தத் தகட்டை மெல்ல மேலே நிமிர்த்துங்கள். முரட்டு உப்புத்தாள் வேண்டாம். மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்கே களிம்பு திரும்பி வரும்.

பிறகு எர்த். எர்த்தைப் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

1979 எஸ்சி, பாசல்: இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்க பார்க்கிங் விளக்கும் டாஷ் வெளிச்சமும் மங்கலாகச் சேர்ந்து மின்னுகின்றன. ஹெட்லைட் போட்டால் இது நின்றுவிடுகிறது, ஆனால் இண்டிகேட்டரும் சோர்ந்துபோகிறது.

அந்த முன் விளக்கில் எர்த் இல்லை. பார்க்கிங் விளக்குக்கும் இண்டிகேட்டருக்கும் அங்கே ஒரே எர்த். அது போனதும் 21 வாட் இழைக்குள் நுழைந்த கரண்ட், வெளியேற வழி தேடி, பார்க்கிங் விளக்கின் இழை வழியாகப் பின்னோக்கிப் போய், டாஷ் விளக்குகளில் எர்த்தைக் கண்டுபிடிக்கிறது. ஹெட்லைட் போட்டதும் அந்த வழியிலும் 12 வோல்ட் வந்து நின்றுவிடுவதால் அதுவும் அடைபடுகிறது.

பல்பு எரிகிற நேரத்தில் மீட்டரின் ஒரு முனையை ஹோல்டரின் எர்த்திலும் இன்னொன்றை பேட்டரி மைனஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஓம்ஸில் அளக்காதீர்கள். ஒரே ஒரு இழை மிஞ்சிய ஒயரும் ஓம்ஸில் நல்ல பிள்ளையாக நடிக்கும்.

1984 கரேரா, பெர்லின்: ராத்திரி நிறுத்திவிட்டுப் போனால் சில நாள் ஒரு பக்கம் மட்டும் முன்னும் பின்னும் விளக்கு எரிகிறது. காலையில் பேட்டரி காலி. எங்கே ஷார்ட்?

ஷார்ட் இல்லை. சாவியை எடுத்த பிறகு லீவர் ஒரு பக்கம் தள்ளியபடி இருக்கிறது. வெளிச்சமில்லாத தெருவில் நிறுத்தும்போது போக்குவரத்துப் பக்கம் மட்டும் விளக்கு எரிவதற்காக ஜெர்மன் வண்டிகளில் வைத்த வசதி அது. லீவரை நடுவில் விடுங்கள்.

1987 கரேரா: புது ரிலே போட்டும் இண்டிகேட்டர் வரவில்லை. ஹஸார்ட் வேலை செய்கிறது.

முதல் பதில்.

1982 எஸ்சி, முனிச்: நான்கு இடத்திலும் எல்இடி பல்பு போட்டேன். இப்போது அசுர வேகத்தில் மின்னுகிறது. ரெசிஸ்டர் எத்தனை ஓம்?

எல்லோரும் சொல்வது 6 ஓம், 50 வாட். ஓடும் வண்டியில் 13.8 வோல்ட் என்றால் அது 2.3 ஆம்பியர் இழுத்து 32 வாட் சூடு கக்கும். பிளாஸ்டிக்கில் ஒட்டி வைத்தால் உருகும். எல்இடி மிச்சம் பிடித்த கரண்டை முழுசாகச் சூடாக்கி வீணாக்குவதற்கு ஒரு கருவி வாங்குகிறீர்கள். சாதாரண பல்பைத் திரும்பப் போடுங்கள்.

அதே முனிச்காரர்: ஆட்டோபானில் பகல் வெயிலில் பழைய பல்பு தெரியவே இல்லை அண்ணா. பாதுகாப்புக்காகத்தான் மாற்றினேன்.

நியாயமான கவலைதான். ஆனால் பல்பில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்தீர்களா? இழை பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். நாற்பது வருடக் களிம்பில் ஒரு வோல்ட்டுக்கு மேல் தொலைவது சாதாரணம். ஃபியூஸ் முனை, சுவிட்ச், ஹோல்டர், எர்த் இவற்றைச் சுத்தம் செய்து, மங்கிய ரிஃப்ளெக்டரையும் கவனித்தால் நீங்கள் தேடும் வெளிச்சம் திரும்ப வரும். அந்த ரிஃப்ளெக்டரை வடிவமைத்ததே இழை எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டுத்தான். எல்இடி சிப்புகள் அந்தப் புள்ளியில் இல்லை. நேர் பின்னால் நிற்பவருக்குப் பளிச்சென்றும் பக்கத்து லேனில் இருப்பவருக்கு மங்கலாகவும் தெரியும்.

டொராண்டோவிலிருந்து ஒருவர்: எல்இடிக்கென்றே எலக்ட்ரானிக் ரிலே கிடைக்கிறதே, லோடு (பல்பு இழுக்கும் கரண்ட்) பார்க்காது. என் வண்டியில் ஒழுங்காக ஓடுகிறது. ஐயா ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறார்?

கிடைக்கிறது. ரெசிஸ்டரைவிட அது ஆயிரம் மடங்கு மேல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லோடு பார்க்காத ரிலே பல்பு போனதையும் பார்க்காது. பின்னால் ஒரு விளக்கு செத்தாலும் டாஷில் அம்பு அமைதியாக மின்னிக்கொண்டே இருக்கும். கொலோன்காரருக்கு வண்டி தானாகச் சொன்னதே, அது உங்களுக்குச் சொல்லாது.

டொராண்டோ: நான் வாரம் ஒருமுறை சுற்றிவந்து பார்த்துக்கொள்கிறேன்!

பாருங்கள், நல்லது. முனிச்காரர் அப்படித் தப்ப முடியாது. ஜெர்மனியில் அங்கீகாரம் இல்லாத எல்இடி பல்பை இண்டிகேட்டரில் வைத்தால் வண்டியின் அனுமதியே கேள்விக்குள்ளாகும், ஆய்வில் திருப்பி அனுப்புவார்கள். முப்பது வருடம் தாண்டிய வண்டிக்கு ஹெச் பிளேட் (பழைமை வண்டிக்கான நம்பர் பிளேட்) வாங்க நினைக்கிறவருக்கு இது வேண்டாத வம்பு. எல்இடி பேச்சு இத்தோடு போதும். நடுவில் பலர் கேள்வியோடு காத்திருக்கிறார்கள்.

1985 கரேரா: ஃபியூஸ் அடிக்கடி போகிறது. 8-க்குப் பதில் 16 போட்டதும் சரியாகிவிட்டது.

சரியாகவில்லை. இனி ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும். இன்றே 8-ஐத் திரும்பப் போட்டுவிட்டு, முன் விளக்குகளுக்குப் போகும் ஒயர் தகரத்தில் உரசும் இடத்தைத் தேடுங்கள். ஃபியூஸில் சிகரெட் பேப்பர் ஜிகினா சுற்றுகிறவர்களுக்கும் இதே பதில்.

1981 எஸ்சி: வேறு ஸ்டியரிங் வீல் போட்ட பிறகு, திரும்பி முடித்தும் லீவர் தானாக அணைவதில்லை.

ஹப்பின் பின்னால் லீவரைத் தட்டிவிட ஒரு சின்ன நாக்கு உண்டு. சக்கரம் நேராக இருக்கும்போது அது லீவர் இருக்கும் இடது பக்கம் பார்க்க வேண்டும். வீலைக் கழற்றி ஹப்பைத் திருப்பி மாட்டுங்கள். புது ஹப்பில் நாக்கே இல்லையென்றால் பழையதிலிருந்து வளையத்தை மாற்றுங்கள்.

1987 944 டர்போ, அமெரிக்க வண்டி: எனக்கும் அதே தொல்லை. நானும் வீலைக் கழற்றலாமா?

நில்லுங்கள். அந்த வண்டியில் இரண்டு பக்கமும் ஏர்பேக் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றி, சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகுதான் வீலில் கை வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்து பழகிய பட்டறையிடம் கொடுத்துவிடுங்கள். ஏர்பேக் ஒயரில் டெஸ்ட் லாம்ப் வைப்பதைக் கனவிலும் நினைக்காதீர்கள்.

2001 996: இண்டிகேட்டர் போட்டால்...

996 போன்ற தண்ணீர்க் குளிர்ச்சி 911 என் துறை இல்லை. அதற்குப் பழகிய எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

1980 எஸ்சி: எந்த ரிலே நல்லது?

ஹஸார்ட் மின்னுகிறதா?

அதே 1980: ஹஸார்ட் மின்னவில்லை. இண்டிகேட்டர் மட்டும் சரியாக வேலை செய்கிறது.

அப்படியானாலும் ரிலே இல்லை; இண்டிகேட்டரில் அதுதானே மின்னுகிறது. 30-இலிருந்து வரும் ஹஸார்ட் ஃபியூஸை முதலில் விரலால் சுற்றிவிட்டுப் பாருங்கள், பிறகு சுவிட்சின் பின்னால் 30-இல் டெஸ்ட் லாம்ப் வையுங்கள். அங்கே வெளிச்சம் வந்தால் சுவிட்சை மாற்றுங்கள்.