வயதான அம்மாவை அக்கா ஒருவரே பார்த்துக்கொள்கிறார், தூரத்தில் இருக்கும் நான் அவருக்கு எப்படி உதவுவது?

மாதாமாதம் பணம் அனுப்புகிறீர்கள், அடிக்கடி பேசுகிறீர்கள், "ஏதாவது வேணும்னா சொல்லுக்கா" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறீர்கள், ஆனாலும் அக்கா எரிந்து விழுகிறார், "உனக்கென்ன தெரியும்" என்று போனை வைத்துவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உங்கள் அக்காவின் இடத்தில் இருந்தவள். அப்பாவைக் கடைசிவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன், அண்ணன் வெளியூரில் இருந்தார். அதனால் அக்கா பக்கம் நின்று சொல்கிறேன்.

முதலில் அந்த "ஏதாவது வேணும்னா சொல்லு" வேண்டாம். நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் என்ன வேண்டும், அதில் உங்களால் முடிவது எது, கேட்டால் வீட்டில் யார் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்கிற வேலையும் அவர் தலையிலேயே விழுகிறது, அதற்கு "ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிடுவது சுலபம். பராமரிப்பில் உடம்பை அசைக்கிற வேலை பாதிதான். மீதி பாதி, எந்த மாத்திரை தீரப்போகிறது, அடுத்த பரிசோதனை எப்போது, நேற்று மலம் கழித்தாரா, கால் வீக்கம் கூடியிருக்கிறதா என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருப்பது. அதில் ஒரு துண்டை யோசனையோடு சேர்த்து, முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள், திரும்ப அவரிடம் கேட்காதபடி.

என் அண்ணன் மருந்துப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். எல்லாச் சீட்டுகளையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார், ஒரே பட்டியலாக்கினார், தீர்வதற்கு முன்பே ஆர்டர் போட்டார், டாக்டரிடம் நேரம் வாங்குவது, ரிப்போர்ட்டை அனுப்புவது, சந்தேகம் கேட்பது எல்லாம் அவர்தான். இது தூரத்திலிருந்தே முடிகிற வேலை, அதே சமயம் சின்ன வேலையும் இல்லை. இதயத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் என்று பல டாக்டர்கள் எழுதும்போது ஒரே மருந்து இரண்டு பெயர்களில் வந்துவிடுவது உண்டு. சில தூக்க மாத்திரைகளும், சளிக்கும் அரிப்புக்கும் தரும் பழைய வகை மாத்திரைகளும் முதியவர்களுக்குக் குழப்பத்தையும் தடுமாற்றத்தையும் கொண்டுவரும். முதியவர்களுக்குக் கூடுமானவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கென்று 1991 முதல் பியர்ஸ் பட்டியல் என்றே ஒன்று இருக்கிறது. மொத்த மருந்தையும் ஒரே டாக்டர் முன் வைத்து "இதில் எதைக் குறைக்கலாம்?" என்று நீங்கள் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

அடுத்தது தூக்கம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கோ இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிசு. இரவில் அம்மா எழுந்தால் அக்காவும் எழுவார், எழாத இரவிலும் காது விழித்தே இருக்கும். மறதி நோய் இருந்தால் பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடும், ராத்திரி பகலாகிவிடும். 1995-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, மறதி நோயுள்ள உறவினரைப் பார்த்துக்கொண்ட பெண்களையும் அப்படி யாரையும் பார்த்துக்கொள்ளாத பெண்களையும் ஒப்பிட்டது. ஒரே அளவு சிறிய காயம் ஆற, பார்த்துக்கொள்பவர்களுக்கு ஏறக்குறைய 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. இருபுறமும் 13 பேர்தான், சிறிய ஆய்வு, ஆனாலும் களைப்பு உடம்பில் எவ்வளவு ஆழம் வரை போகிறது என்று அது காட்டுகிறது. அக்காவின் எரிச்சலை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள், உங்கள் மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊருக்குப் போகும்போது இரவுப் பொறுப்பை வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா அறையில் நீங்கள் படுங்கள், அக்கா வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும்.

போகும்போது இன்னொரு விஷயம் நடக்கும், தயாராக இருங்கள். புதிதாக ஒருவர் வந்ததும் அம்மா தெளிவாகப் பேசுவார், சிரிப்பார், தானாக எழுந்து நடக்கக்கூடப் பார்ப்பார். விருந்தாளி முன்னால் முதியவர்கள் தங்களைத் திரட்டிக்கொள்வது சகஜம், மறதி நோயிலும் இது நடக்கிறது. உடனே "அம்மா நல்லாத்தானே இருக்காங்க, நீ ஏன் இவ்வளவு கஷ்டப்படுற?" என்று வாயில் வரும். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். என் சித்தி ஒருமுறை அப்படிச் சொன்னபோது நான் பொய் சொல்கிறேன் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள் போல என்று உடைந்துபோனேன். இரண்டு நாளில் திரும்பாமல் கொஞ்சம் தங்குங்கள், அந்தத் தெம்பு வடிந்தபிறகு உள்ளது உள்ளபடி தெரியும். அதே போல "இரண்டு நாளா அம்மா வேற மாதிரி இருக்காங்க" என்று அக்கா சொன்னால் "வயசானா அப்படித்தான்" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். திடீரென்று வரும் குழப்பத்துக்குப் பின்னால் சிறுநீர்த் தொற்றோ, நீர்ச்சத்துக் குறைவோ, மலச்சிக்கலோ, புது மாத்திரையோ இருக்கலாம், அன்றே டாக்டரிடம் பேச வேண்டிய விஷயம் அது. தினமும் கூட இருப்பவர் கண்ணுக்குத்தான் அந்த வித்தியாசம் முதலில் படும். அவர் சொல்வதை நம்பி நீங்கள் டாக்டரிடம் எடுத்துப் பேசினால் அக்காவுக்கு எவ்வளவு பலம் தெரியுமா.

அம்மா படுக்கையோடு இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியிருந்தால் ஒரு பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கு வரவழைத்து, ஒருவரைத் தூக்காமல் விரிப்பை வைத்து நகர்த்துவது, புரட்டுவது எப்படி என்று அக்காவுக்குக் காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர் இடுப்பு போய்விடும். காற்று மெத்தை வாங்கித் தந்தாலும் புரட்டிப் படுக்கவைக்கிற வேலை தீராது, படுக்கைப்புண் வராமலிருக்க அது வேண்டும், எத்தனை மணிக்கு ஒருமுறை என்று நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உதவிக்கு ஆள் வைப்பதை அக்கா மறுக்கலாம். வேற்று மனிதர் கையில் அம்மாவை விட மனசு வராது, எனக்கும் வரவில்லை. முதலில் அந்த ஆள் வீட்டு வேலைக்கு, அக்காவுக்குத் துணையாக வரட்டும். அம்மாவுக்கு முகம் பழகட்டும், அப்புறம் தலை சீவிவிடுவது, கூட உட்கார்ந்திருப்பது என்று மெல்ல மாறலாம்.

பணம் பற்றி ஒன்று. அம்மாவின் செலவுக்கு அனுப்புவது சரி, அக்காவுக்கென்று, அவர் கணக்கில், கணக்குக் கேட்காத ஒரு தொகை தனியாகப் போகட்டும். அவர் விட்ட சம்பளமும் சேமிப்பும் உண்மையான இழப்பு, அதை உடன்பிறந்தவர்கள் பகிர்ந்துகொள்வதுதான் நியாயம். சொந்தக்காரர்களிடமிருந்து வரும் "அந்த டாக்டரைப் பாரேன், இதைக் கொடேன்" போன்களையும் உங்கள் பக்கம் திருப்பிவிடச் சொல்லுங்கள். மருத்துவ முடிவுகளில் அக்கா சொல்வதற்குப் பின்னால் நிற்கிறேன் என்று மற்றவர்கள் முன்னால் சொல்லுங்கள்.

என்றாவது அவர் "இது எப்ப முடியும்னு இருக்கு" என்பார். அதிர்ச்சியாகாதீர்கள், "அப்படிச் சொல்லாதே" என்று வாயை அடைக்காதீர்கள். அம்மா மேல் உயிராக இருப்பவர்களுக்கும் அந்த நினைப்பு வரும். சொல்ல விடுங்கள், கூடவே இருங்கள். ஆனால் தனக்கு வாழவே பிடிக்கவில்லை என்றாலோ, அம்மா மேல் கை ஓங்கிவிட்டேன் என்றாலோ அன்றே கிளம்புங்கள், அவருக்கும் டாக்டர் உதவி வேண்டும், அம்மாவைச் சில நாள் வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வாரம் போன் செய்யும்போது அம்மாவைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அக்காவைப் பற்றிக் கேளுங்கள். "மருந்துச் சீட்டெல்லாம் அனுப்பு, இனி அது என் வேலை. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை லீவு போட்டிருக்கேன், நீ எங்க போகணும்னு யோசிச்சு வை" என்று சொல்லுங்கள். முதல் தடவை அவர் எங்கும் போகமாட்டார், வாசல்வரை போய்த் திரும்பிவந்து இன்னும் நாலு விஷயம் சொல்லிக்கொண்டே இருப்பார். பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த தடவைக்கான தேதியையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.