சங்ககிரிக் கோட்டைக்குப் பக்கத்தில் வீடு கட்ட ஏன் தனி அனுமதி?

அந்த அனுமதிக்குப் பெயர் தடையின்மைச் சான்று. பழைய சின்னத்துக்கு அருகே வேலை தொடங்குமுன், அதற்குப் பாதிப்பு வருமா என்று பார்த்துத் தருவது. சேலம் மாவட்டத்துச் சங்ககிரிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010 சட்டத் திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதியோடு கட்டலாம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டினாலே நம் பழைய ஓட்டு வீட்டுச் சுவரில் மயிரிழையாக விரிசல் ஓடும், கதவு நிலையில் இடிக்க ஆரம்பிக்கும். சுண்ணாம்புச் சாந்தில் நிற்கும் மதிலும் அப்படித்தான். பொக்லைன் அதிர்வைவிட, திசை மாறி மதிலடியில் தேங்கும் மழைநீரைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். சாந்தை உள்ளிருந்தே கரைத்துவிடும்.

அப்புறம், 100 மீட்டருக்குள் இருக்கும் பழைய வீட்டில் கை வைக்கவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அனுமதி வாங்கிப் பழுது பார்க்கலாம்.