கிரைண்டர் எங்கே நிற்கும்?

அன்புள்ள அக்கா,

சிங்கப்பூரில், தெங்காவில் எங்கள் முதல் வீடு. பிடிஓ, அதாவது பதிவு செய்த பிறகு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டித் தரும் வீடு, நான்கறை. அடுத்த மாதம் சாவி கிடைக்கிறது. நாங்கள் இருவர், மாமியார், இரண்டு வயது மகன். கைவசம் 45,000 வெள்ளி இருக்கிறது. கூடத்து டிவி சுவருக்குப் பளிங்கு மாதிரிப் பலகை நல்லதா, மரக்கீற்றா? வீடு முழுக்க வெளிர் பழுப்பு அடிக்கலாமா? வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டரை, அந்தக் கான்கிரீட் பாதுகாப்பு அறையை, சாமியறை ஆக்கலாமா? சமையலறைச் சுவரை உடைத்துவிட்டால் வீடு பெரிதாகத் தெரியும் என்கிறார் டிசைனர். உள்ளே நுழைந்ததும் "நம்ம வீடு" என்று தோன்ற வேண்டும். அதுதான் ஆசை.

ர.

அன்புள்ள ர.,

வாழ்த்துகள். டிவி சுவருக்கு எதை வேண்டுமானாலும் போடுங்கள். மரக்கீற்றின் இடுக்குகளில் தூசி சேரும், அவ்வளவுதான். வெளிர் பழுப்பும் அடிக்கலாம். பிடிக்காவிட்டால் ஒரு வார இறுதியில் மாற்றிவிடலாம்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது சமையலறைச் சுவரைப் பற்றிய உங்கள் வரிக்காக. இப்போது கண்ணில் படும் வரைபடங்களிலெல்லாம் முதலில் காணாமல் போவது சமையலறைச் சுவர்தான். வீடு பெரிதாகத் தெரியுமாம். யாருக்கு? மாதம் ஒருமுறை வரும் விருந்தாளிக்கா, தினமும் இரண்டு வேளை தாளிக்கும் உங்களுக்கா? டிவி சுவரைப் பற்றி விசாரித்த நீங்கள் அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது.

காய்ந்த எண்ணெயில் வத்தல் கருகும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் அடுப்புக்கு மேல் பெரும்பாலும் மாட்டப்படும் ஹூட், அந்தப் புகையுறிஞ்சி, காற்றை வெளியே தள்ளுவதில்லை. உள்ளிழுத்து வடிகட்டி, அதே அறைக்குள் திருப்பி விடுகிறது. உலோக வலை எண்ணெய்ப்பசையைப் பிடிக்கும், கரி வடிகட்டி வாசனையைப் பிடிக்கும். சூடும் நீராவியும் அப்படியே திரும்பி வரும். வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெந்நீரும் பாத்திரச் சோப்பும் போட்டுக் கழுவாவிட்டால் பசை கரிவரை போய்விடும், பசை ஏறிய கரி வாசனையைப் பிடிக்காது. தினமும் தாளிக்கும் வீட்டில் கரியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். கேஸ் அடுப்புக்கு மேல் 65 முதல் 75 செ.மீ. உயரத்தில், அடுப்பின் அகலத்துக்குக் குறையாத ஹூட் இருந்தால்தான் இந்த அளவாவது நடக்கும். துணி காயப்போடும் சர்வீஸ் யார்டு பக்கமிருந்து காற்று வீசும் நாளில் எந்த ஹூட்டும் ஜெயிக்காது. சுவர் இல்லையென்றால் புகை நேராகக் கூடத்துக்குப் போய்த் திரையிலும் சோபாத் துணியிலும் உட்கார்ந்துகொள்ளும். புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவியும் இருக்கிறது. அது தாளிப்புப் புகைக்கும் அலறும். அலறுகிறதே என்று அதைக் கழற்றி வைக்கிறார்கள் பாருங்கள், அதைவிட முட்டாள்தனம் இல்லை.

உடைத்தால் தரையும் கெடும். சுவர் நின்ற இடத்தில் ஓடு இருக்காது. வீவக போட்ட அதே ஓடு கடையில் கிடைப்பது அரிது, ஆகவே நீளமாக ஒரு தழும்பு தெரியும். அதை மறைக்கக் கூடம் முழுவதும் வினைல் போடச் சொல்வார்கள், செலவு ஏறும். சிமெண்டுப் பூச்சும் சேர்த்துத் தரையின் மொத்தக் கனம் 50 மி.மீ. தாண்டக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. எந்தச் சுவர் பாரம் தாங்கும் சுவர் என்பதை வரைபடம்தான் சொல்லும், தட்டிப் பார்த்துச் சொல்பவரை நம்ப வேண்டாம். பாரம் தாங்காத சுவராக இருந்தாலும் அனுமதி வாங்கித்தான் உடைக்க முடியும்.

வெளிச்சம்தான் வேண்டுமென்றால் சுவரின் கீழ் ஒரு மீட்டரை விட்டுவைத்து மேலே கண்ணாடி போடுங்கள். கதவுக்கு, மேலிருந்து தொங்கும் சறுக்குக் கண்ணாடி. கீழே தண்டவாளம் வைத்தால் அதில் அரிசியும் எண்ணெயும் சேர்ந்து ஒரே மாதத்தில் இறுகிவிடும். கண்ணாடி, உடைந்தாலும் கூர்மையாகச் சிதறாத டெம்பர்டு கண்ணாடியாக இருக்கட்டும், வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறான்.

அடுத்தது கிரைண்டர். மாமியார் உடன் இருக்கிறார் என்றால் கிரைண்டரும் உடன் வரும். அதை இழுப்புத் தட்டில் ஒளித்து வைக்கலாம் என்று டிசைனர் சொல்வார். வேண்டாம். இரண்டு லிட்டர் கிரைண்டர் பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். முக்கால் மணி நேரம் அதிர்ந்துகொண்டே ஓடினால் தட்டின் சேனல் திருகுகள் தளர்ந்துவிடும். மேடையிலேயே, சிங்க்கிலிருந்து ஒரு கை தூரத்தில் நிரந்தர இடம் கொடுங்கள். மூடியையும் கல்லையும் தூக்கும்போது எவ்வளவு உயரம் வேண்டும் என்று டேப் வைத்து அளந்த பிறகே மேல் அலமாரியை முடிவு செய்யுங்கள். பிளக்கை நீர் தெறிக்காத பக்கம் வையுங்கள். ஊரிலிருந்து வந்த கிரைண்டர் என்றால் அந்த உருண்டை முள் பிளக்கை வெட்டி, பாதுகாப்பு முத்திரை உள்ள மூன்று முள் பிளக் மாட்டச் சொல்லுங்கள். அடாப்டர்மேல் அடாப்டர் செருகாதீர்கள். குக்கர், இட்லிப் பானை, பொங்கல் பானை எல்லாவற்றையும் மூடியோடு அளந்து, அந்த எண்களைத் தச்சரிடம் கொடுங்கள். அளவு கொடுக்காவிட்டால் தட்டையான பீங்கான் தட்டு மட்டும் நுழையும் இழுப்பறைதான் செய்து தருவார்.

மேடைக்குக் குவார்ட்ஸ் கல் போட்டால் சூடான வாணலியை நேராக வைக்கக் கூடாது. அதிலுள்ள பிசின் நிறம் மாறும். மஞ்சள் கறையை உடனே துடைத்தால் கல்லில் அவ்வளவு பிடிக்காது. ஓட்டு இடுக்கிலும் வெள்ளை சிலிக்கானிலும்தான் ஏறும், ஆகவே இடுக்குக்கு எபாக்ஸி, அதுவும் சாம்பல் நிறம். துணியில் பட்ட மஞ்சளைத் துவைத்து வெயிலில் போட்டால் வெளிறிவிடும். மேடைக்கு வெயில் எங்கே வரப்போகிறது?

சாமியறை விஷயம். பாம் ஷெல்டரின் சுவரை உடைக்கக் கூடாது, இரும்புக் கதவை மாற்றக் கூடாது, காற்றுத் துளைகளை அடைக்கக் கூடாது. அந்த மூடிய அறைக்குள் விளக்கேற்றிவிட்டு வெளியே வருவது எனக்குச் சம்மதமில்லை. கூடத்துச் சுவரில் கல் பலகை வைத்து, சுடருக்கு மேல் இரண்டடி வெறுமையாக விடுங்கள். லேமினேட் அலமாரிக்குள் விளக்கு வைத்தால் விளிம்புப் பட்டையின் பசை சூட்டில் இளகி உரிந்துவிடும்.

பணத்தில் கடன் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. மத்திய சேம நிதிப் (மசேநி) பணத்தை ரெனோவேஷனுக்குத் தொட முடியாது. வங்கி ரெனோவேஷன் கடனும் பொதுவாக 30,000 வெள்ளி அல்லது ஆறு மாதச் சம்பளம், இவற்றில் எது குறைவோ அதுதான். குளியலறைத் தரை ஓடுகளைத் தொடும் யோசனை இருந்தால் மறந்துவிடுங்கள், புதிய கட்டடத்தில் முதல் மூன்று ஆண்டுகளுக்கு அனுமதி இல்லை.

சாவி வாங்கியதும் கான்ட்ராக்டரை வரவழைக்காதீர்கள். முதலில் குறைகளைப் பார்த்து எழுதிக் கொடுங்கள். தரை ஓடுகளை நாணயத்தால் தட்டினால் வெற்று ஓசை வருகிறதா, குளியலறையில் தண்ணீர் தேங்குகிறதா, ஜன்னல் முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். குறை தீர்க்கும் காலம் ஓராண்டு. வேலை தொடங்கிய பிறகு விரிசலைக் காட்டினால், அது யாரால் வந்தது என்ற பேச்சுதான் நடக்கும்.

பால் காய்ச்சும் நாளில் குழாய் கேஸ் இருக்காது, அதற்குத் தனியாக நாள் குறித்து இணைப்பு வாங்க வேண்டும். சின்ன கேஸ் அடுப்பு ஒன்றை எடுத்துப் போங்கள். பால் பொங்கும்போது சமையலறையில் நின்று, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். கிரைண்டரின் உயரத்தையும் எழுதுங்கள்.