எழுதிய வரிசையில் படியுங்கள்: ஃபேன்டஸி, அறிவியல் புனைகதை கேள்வி பதில்

நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. எனக்குத் தெரிந்த நாவல்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு விரிவாகவே எழுதுகிறேன். ஒரே கேள்வி பலமுறை வந்திருந்தால் ஒருமுறைதான் பதில்.

கே: அக்கா, ஃபேன்டஸி நாவல் ஒன்றுகூடப் படித்ததில்லை. ஆங்கிலம் சுமாராகத்தான் வரும். எதில் ஆரம்பிக்கலாம்? (கல்லூரி மாணவி, மதுரை)

உர்சுலா லெ குவின் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'. 1968இல் வந்தது, சின்னப் புத்தகம். பாட்டி கதை சொல்வதுபோல் வாக்கியங்கள் ஓடும், அகராதி அதிகம் தேவைப்படாது.

கடலும் தீவுகளுமான ஓர் உலகம். அதில் ஒரு மலைக் கிராமத்தில் ஆடு மேய்க்கும் ஏழு வயதுப் பையன். கூரைமேல் ஏறிக்கொண்ட ஓர் ஆட்டை, அவன் அம்மாவுடன் பிறந்தவள் ஏதோ சொல்லி இறக்குகிறாள். அந்தச் சொற்களைப் பையன் காதில் வாங்கிக்கொள்கிறான். மறுநாள் மலையில் ஆடுகளைப் பார்த்து விளையாட்டாக அதையே கத்துகிறான். எல்லா ஆடுகளும் சத்தமே இல்லாமல் அவனிடம் வந்து நின்று, மஞ்சள் கண்களால் அவனையே பார்க்கின்றன. சிரித்துக்கொண்டே மறுபடி கத்துகிறான். இன்னும் நெருங்குகின்றன. இப்போது பயம் வருகிறது, ஓடுகிறான். ஆடுகளும் அவனை நடுவில் வைத்து நெருக்கியபடி ஊருக்குள் ஓடிவருகின்றன. கட்டிப்போடும் சொல் அவனுக்குத் தெரியும், அவிழ்க்கும் சொல் தெரியாது. நாவல் முழுக்க இதுதான் நடக்கப்போகிறது, பெரிய அளவில். அதை முதல் சில பக்கங்களிலேயே ஆடுகளை வைத்துக் காட்டிவிடுகிறார்.

திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கிய என் பிரதிக்குப் பின்னட்டையே இல்லை. அதனால் கதைச்சுருக்கம் எதுவும் தெரியாமல் படித்தேன். நீங்களும் பின்னட்டையைப் படிக்காதீர்கள். புதிய பதிப்புகளில் வேறு யாராவது எழுதிய முன்னுரை இருந்தால் அதைக் கடைசியில் படியுங்கள். முடிவைச் சொல்லிவிடும் முன்னுரைகள் ஏராளம்.

கே: 'டூன்' 60 பக்கத்தோடு நிற்கிறது. புரியாத வார்த்தைகள். விட்டுவிடலாமா?

விடவேண்டாம். புரியாத சொல் வரும்போதெல்லாம் பின்னால் இருக்கும் சொற்பட்டியலைப் புரட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை நிறுத்துங்கள். ஃபிராங்க் ஹெர்பர்ட் நம்மைத் தெரியாத ஊரில் இறக்கிவிடுகிறார். கதாநாயகன் பாலும் அந்தப் பாலைவனத்துக்குப் புதியவன்தான், அவன் கற்றுக்கொள்ளும் வேகத்திலேயே நாமும் கற்றுக்கொள்வோம். தண்ணீரை மட்டும் கவனித்துக்கொண்டே போங்கள். யார் குடிக்கிறார்கள், யார் வீணாக்குகிறார்கள், யாருக்காக யார் கண்ணீர் விடுகிறார்கள். அந்த ஊரின் அரசியல், மதம், மரியாதை எல்லாம் அதற்குள் அடக்கம். 1965இல் இதைப் புத்தகமாகப் போட்டது சில்டன் என்ற நிறுவனம். கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பேர்போனது அது. முதல் புத்தகம் தனியாகவே நிறைவாக இருக்கும். பிடித்திருந்தால் மட்டும் இரண்டாவதுக்குப் போங்கள்.

கே: ஜார்ஜ் மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசையில் ஆறாவது புத்தகம் எப்போது வரும்?

ஐந்தாவது 2011இல் வந்தது. வரும்போது படிப்போம்.

கே: 'த்ரீ-பாடி பிராப்ளம்' நன்றாக இருக்குமா?

இருக்கும். சீனத்தில் 2006இல் தொடராக வந்தது, 2008இல் புத்தகமானது. கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2014இல் வந்து, மறு வருடமே அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது வாங்கியது. சீனப் புத்தகத்தில், மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சி பற்றிய அத்தியாயங்கள் நடுவில் இருக்கும். ஆங்கிலத்தில் நாவலே 1967இல், ஒரு பேராசிரியரை மேடையேற்றி மாணவிகள் அடிக்கும் காட்சியில்தான் தொடங்குகிறது. ஆசிரியர் லியூ சிசின் முதலில் நினைத்ததும் அந்த வரிசையைத்தான். மனிதர்களை நம்பவே முடியாத நிலைக்கு ஒரு பெண் எப்படி வந்தாள் என்பதை முதலில் பார்த்துவிடுகிறோம். அதனால் பின்னால் அவள் எடுக்கும் முடிவு அபத்தமாகத் தெரிவதில்லை. கதாபாத்திரங்களின் ஆழத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். யோசனைகளின் பிரம்மாண்டம்தான் இதன் பலம்.

கே: பிடிஎஃப் லிங்க் கிடைக்குமா?

கிடையாது. மாவட்ட நூலகத்தில் கேளுங்கள், பழைய புத்தகக் கடைகளில் தேடுங்கள்.

கே: இலங்கையில நடக்கிற அறிவியல் புனைகதை ஏதும் இருக்கோ அக்கா? நான் பேராதனையில இஞ்சினியரிங் படிக்கிறன்.

இருக்கிறது தம்பி, அதுவும் ஓர் இஞ்சினியரைப் பற்றியது. ஆர்தர் சி. கிளார்க்கின் 'த ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்', 1979. கிளார்க் 1956இலிருந்து உங்கள் நாட்டில்தான் வாழ்ந்தார், 2008இல் கொழும்பில்தான் காலமானார்.

பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டவேண்டும். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றும் பாதையிலிருந்து கம்பியை இறக்கவேண்டும். அதன் கீழ்நுனி நிலநடுக்கோட்டில், உயரமான மலையுச்சியில் வந்து நிற்கவேண்டும். பொருத்தமான மலை ஒன்றே ஒன்று, அதன்மேல் ஒரு மடம் இருக்கிறது. துறவிகள் இறங்க மறுக்கிறார்கள். நாவலில் தீவின் பெயர் தப்ரபேன். மலை உங்கள் சிவனொளிபாத மலையேதான், பாறைக் கோட்டை சிகிரியாவேதான். நிஜத்தில் இலங்கை நிலநடுக்கோட்டில் இல்லை என்பதால், தீவைச் சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டதாக அவரே சொல்லிவிடுகிறார். பாறைமேல் அரண்மனை கட்டிய பழைய அரசனின் கதையும், வானத்துக்குப் பாதை போடும் இஞ்சினியரின் கதையும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. ஒரு மலைக்கு யார் உரிமையாளர் என்ற கேள்வியை அவர் எவ்வளவு மரியாதையோடு கையாள்கிறார் என்று பாருங்கள். சிகிரியா ஏறிவிட்டு வந்து படித்தால் இன்னும் நல்லது.

கே: நீங்கள் எப்போதும் எர்த்ஸீயைச் சிபாரிசு செய்கிறீர்கள். ஆனால் நாலாவது புத்தகம் 'டெஹானு' அந்த வரிசையையே கெடுத்துவிட்டது. மூன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். (கோவை)

மூன்றாவது புத்தகத்தை முடிக்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

நிறுத்தச் சொல்லமாட்டேன். மூன்றாவது 1972, டெஹானு 1990. நடுவில் 18 வருடம். மூன்றாவதின் முடிவில் கெட், அதாவது முதல் புத்தகத்தில் ஆடு மேய்த்த அந்தப் பையன், தன் சக்தி முழுவதையும் செலவழித்து உலகத்தைக் காப்பாற்றுகிறான். அதன்பின் அந்த மனிதன் காலையில் எழுந்து என்ன செய்வான் என்று கேட்கும் துணிச்சல் எத்தனை ஃபேன்டஸிக்கு இருக்கிறது? டெஹானு அதைக் கேட்கிறது. அதே கதையில், நெருப்பில் தள்ளப்பட்டு முகம் வெந்துபோன ஒரு சிறுமியை, கணவனை இழந்த நடுவயது டெனார் (இரண்டாவது புத்தகத்தின் நாயகி) எடுத்து வளர்க்கிறாள்.

கே: எங்கே தொடங்குவது என்று நானும் கேட்கிறேன்...

முதல் பதிலைப் பாருங்கள். இதே கேள்வி ஒன்பது பேரிடமிருந்து வந்திருக்கிறது.

கே: என் பையனுக்கு 12 வயது. தமிழில் என்ன தரலாம்?

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. விகடனில் தொடராக வந்தது. ஜீவா என்ற தலைவனின் சர்வாதிகார ஆட்சி, நிலா என்ற பெண், ஜீனோ என்ற இயந்திர நாய். பையன் நாய்க்காகத்தான் படிப்பான், பரவாயில்லை. பிறகு 'மீண்டும் ஜீனோ'. வளர்ந்தபின் ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பைக் கொடுங்கள். நம் சித்த மருத்துவம் போன்ற மரபறிவிலிருந்து அறிவியல் புனைகதை செய்யமுடியும் என்று அதில் தெரியும்.

கே: நார்னியா பெட்டியில் 'மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' முதல் என்று எண் போட்டிருக்கிறது. அப்படியே படிக்கலாமா?

வேண்டாம். அது 1955இல் வெளிவந்தது. 1950இல் வந்த 'த லயன், த விட்ச் அண்ட் த வார்ட்ரோப்'தான் முதல். அலமாரிக்குள் கம்பளிக் கோட்டுகளைத் தள்ளிக்கொண்டே போகும் சிறுமியின் காலடியில் பனி நொறுங்குகிறது. அது எந்த இடம் என்று அவளுக்கும் தெரியக்கூடாது, நமக்கும் தெரியக்கூடாது. எழுதிய வரிசையில் படியுங்கள். எந்தத் தொடருக்கும் இதையேதான் சொல்வேன்.

கே: 'சோலாரிஸ்' இரண்டு மொழிபெயர்ப்புகள் இருக்கின்றனவாமே?

பில் ஜான்ஸ்டனுடையதைத் தேடுங்கள், 2011இல் வந்தது. ஸ்டானிஸ்வாஃப் லெம் 1961இல் போலிஷ் மொழியில் எழுதியதை நேராக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தது அதுதான். 1970இன் பழைய மொழிபெயர்ப்பு பிரெஞ்சு வழியாக வந்தது. நாயகியின் பெயரே அதில் மாறியிருக்கும், ஹாரே ரேயா ஆகிவிட்டாள்.

கே: மாங்கா சிபாரிசு?

என் துறை அல்ல. தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

கே: அக்கா, டெஹானு பற்றிக் கோவைக்காரர் சொன்னதுதான் சரி. பாத்திரம் கழுவுவது, கிழிந்ததைத் தைப்பது, இதுவா ஃபேன்டஸி? மகா மந்திரவாதியை ஆடு மேய்க்க விட்டுவிட்டார். அவமானமாக இருந்தது. (சேலம்)

ஆடு என்றுதான் நானும் ஆரம்பித்தேன். முதல் புத்தகத்தின் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போங்கள். அவன் வாழ்க்கையில் கற்ற முதல் மந்திரச் சொல் ஆட்டை அழைக்கும் சொல். அதைச் சொன்னது யார்? ஒரு பெண், கிராமத்துச் சூனியக்காரி. அதே அத்தியாயம், பெண்களின் மந்திரம் பலவீனமானது, கெட்டது என்ற அந்த ஊர்ச் சொலவடையையும் சொல்கிறது. பிறகு பையன் போய்ச் சேரும், ரோக் தீவின் மந்திரவாதிகள் பள்ளியில் பெண்களுக்கு இடமே இல்லை. 1968இல் லெ குவினே எழுதியது இது. நானும் முதல் தடவை அதைக் கேள்வியே கேட்காமல் தாண்டிப்போனேன். அவர் தாண்டவில்லை. திரும்பிவந்து, அந்தச் சொலவடைக்குக் கீழே வாழ்பவர்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதினார். சக்தி போனபின் கெட் ஆடுகளிடம் போவது வீழ்ச்சி இல்லை, அவன் தொடங்கிய இடம். நாலாவதை மட்டும் எடுத்துப் படித்தால் இது கண்ணில் படாது.

கே: ஆனால் முதல் மூன்றையும் விரும்பியவனுக்கு இது ஏமாற்றம்தானே? (கோவை)

ஏமாற்றம் உண்மைதான், அதை மறுக்கவில்லை. எனக்கும் முதல் வாசிப்பில் கோபம் வந்தது. பாதியில் மூடிவைத்து, சில வருடம் கழித்து முதலிலிருந்து நாலையும் வரிசையாகப் படித்தேன். டெனார் அந்தக் குழந்தையைத் தொடும் விதத்தைப் பாருங்கள். வெந்த பக்கத்தைப் பார்க்காததுபோல் நடிக்கவும் மாட்டாள், அதையே பார்த்துக்கொண்டும் இருக்கமாட்டாள். டிராகனோடு பேசுவதைவிட இது கடினம் என்று நமக்கே தோன்றும். மறுபடி படித்துவிட்டும் பிடிக்கவில்லை என்றால் ஏற்றுக்கொள்கிறேன்.

கே: பிடிஎஃப்...

மேலே சொல்லிவிட்டேன். இனி இதற்குப் பதில் இல்லை.

கே: சரி அக்கா, மறுபடி எடுக்கிறேன். 'டெஹானு'வின் அட்டையில் கடைசிப் புத்தகம் என்று இருக்கிறது. அதற்குப் பிறகும் உண்டா? (சேலம்)

உண்டு, இரண்டு. அவரும் கடைசி என்றுதான் நினைத்தார். 2001இல் 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ' கதைத்தொகுப்பும் 'தி அதர் விண்ட்' நாவலும் வந்தன. தொகுப்பை முதலில் படியுங்கள். அதில் கடைசிக் கதை 'டிராகன்ஃப்ளை'. ரோக் பள்ளியின் கதவை ஒரு பெண் வந்து தட்டுகிறாள்.