விண்வெளி உடை வடிவமைக்க விரும்பும் மகளுக்கு எந்தப் படிப்பு?

அன்புள்ள அம்மா,

விண்வெளி வீரர்களின் உடையை எடை குறைந்ததாகவும் எளிதில் வளைந்து கொடுப்பதாகவும் மாற்றும் ஆராய்ச்சியில் ஈடுபட விரும்பும் தங்கள் மகள், விமானவியல் பொறியியலை விட்டுவிட்டு ஜவுளித் தொழில்நுட்பத்தைக் கேட்பது கவலை அளிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கேட்பது சரியான படிப்பு என்பதே என் கருத்து.

நன்றாகக் காற்றடைத்த சைக்கிள் டியூப் ஒன்றை நடுவில் மடக்கிப் பாருங்கள். மடங்கும் இடத்தில் காற்றுக்கு இடம் குறைவதால் அது கையை எதிர்த்துத் தள்ளும், விட்டவுடன் நிமிர்ந்துகொள்ளும். கடல்மட்டக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு ஆக்சிஜன் நிரப்பப்பட்ட விண்வெளி உடைக்குள், வீரர் ஒவ்வொரு முறை விரலை மடக்கும்போதும் இதே எதிர்ப்பைச் சந்திக்கிறார். பூமியில் நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் அந்த உடையின் எடை விண்வெளியில் தெரியாது. ஆனால் விறைப்பு தெரியும், கையுறைக்குள் நகம் பெயர்ந்தவர்களும் உண்டு. 1965இல் முதன்முதலாக விண்ணில் நடந்த அலெக்சி லியோனவ், உடை உப்பிப்போனதால் உள்ளிருந்த அழுத்தத்தைக் குறைத்த பிறகே கலத்துக்குள் திரும்ப முடிந்தது.

இதற்கு மாற்றாக, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் டாவா நியூமன் குழுவினர், வெற்றிடத்தில் உடலுக்கு வேண்டிய அழுத்தத்தைக் காற்றுக்குப் பதிலாக உடலோடு ஒட்டிய இறுக்கமான துணியே தரும் 'பயோசூட்' என்ற உடையை உருவாக்க முயன்றுவருகின்றனர். முழங்காலின் பின்புறம், அக்குள், உள்ளங்கை போன்ற குழிவான இடங்களில் துணி சீராக அழுத்துவதில்லை, அவ்வளவு இறுக்கமான உடையை அணிவதும் எளிதன்று. ஆகவே, சூடேறினால் சுருங்கும் உலோகக்கலவைக் கம்பிச்சுருள்களைத் துணியோடு இணைத்துப் பார்க்கிறார்கள். எந்த நூல், எந்தத் திசையில் நெய்வது, தையலை எங்கே வைப்பது என்பவை ஜவுளிப் பொறியாளரின் கேள்விகள் அல்லவா? நிலவுக்குச் சென்ற அப்பல்லோ வீரர்களின் உடைகளையும் தேர்ந்த தையற்காரப் பெண்களே தைத்தார்கள். 2007இல் நாசா நடத்திய கையுறைப் போட்டியில், வீட்டிலேயே தைத்த கையுறையோடு வந்த பீட்டர் ஹோமர் என்ற பொறியாளர் 2 லட்சம் டாலர் பரிசு பெற்றார்.

சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, டெல்லி ஐ.ஐ.டி. ஆகியவற்றில் ஜவுளித் துறை உண்டு. இயந்திரவியல் படித்தும் இத்துறைக்கு வரலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களால், அங்கு விண்வெளி உடை தயாரிக்கும் நிறுவனங்களில் வெளிநாட்டவர் வேலை பெறுவது மிகக் கடினம்; இந்தியாவிலும் இடங்கள் சிலவே. எனினும் நரம்புச்சுருளுக்கு (வெரிகோஸ் வெயின்) அணியும் அழுத்தக் காலுறை, தீயணைப்பு வீரர் உடை ஆகியவற்றைச் செய்யும் தொழில்நுட்ப ஜவுளித் துறைக்கும் இதே அறிவு வேண்டும் என்பதால், படிப்பு வீணாகாது.

கலந்தாய்வுக்கு முன் கிடைக்கும் நாள்களில், கெட்டித் துணியில் ஒரு விரல் உறை தைத்து, உள்ளே பலூனை ஊதி, மடிப்பு எங்கே வைத்தால் எளிதாக வளைகிறது என்று மகளைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்னைச் சந்திக்க வரும்போது மதிப்பெண் பட்டியலோடு அதையும் கொண்டுவரட்டும்.